கேஸ் ஷீட்டை யாருக்காக எழுதுகிறோம்?

பெங்களூரில் ஓரளவு பெரிய தனியார் மருத்துவமனை எதுவானாலும், மதியம் மூன்று மணிக்கு மேல் கூட்டம் வார்டில் இருக்காது. தரைத்தளத்தில், பில்லிங் கவுன்ட்டருக்குப் பக்கத்தில், 'இன்ஷூரன்ஸ் - டி.பி.ஏ.' என்று பலகை தொங்கும் மேசைக்கு முன்னால்தான் இருக்கும். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "இன்னிக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். நோயாளி உடை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். பையைக் கட்டி வைத்த மனைவி, ஆபீசில் அரை நாள் லீவு சொன்ன மகன், இருட்டுவதற்குள் ஓசூர் போய்ச் சேர வேண்டுமென்று கார் பேசி வைத்த மைத்துனர், எல்லாரும் எங்கள் மேசையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கிருந்தோ ஒரு மின்னஞ்சல் வர வேண்டும். அது வந்தால்தான் வீடு.

அந்த மேசைக்குப் பின்னால் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் டெஸ்க்கில் தமிழ்க்காரி நான் ஒருத்திதான். அதனால் கோலார் தங்கவயல், கிருஷ்ணகிரி, இங்கே அல்சூர், ஸ்ரீராம்புரம் என்று எங்கிருந்து வந்தாலும் தமிழ் பேசுகிறவர்களை என் பக்கம் அனுப்பிவிடுவார்கள். நான் டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு நான் படிக்கிற அளவுக்குக் கேஸ் ஷீட்டுகளை டாக்டர்கள் படிப்பார்களா என்பது சந்தேகம். அப்படிப் படித்ததில் மனதில் தங்கிப்போன ஒன்றைத்தான் எழுதப் பார்க்கிறேன். ஆட்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

கேஷ்லெஸ், அதாவது பில்லைக் காப்பீட்டு நிறுவனமே நேராக மருத்துவமனைக்குக் கட்டுவது, என்றால் என்ன நடக்கிறது என்பது தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நோயாளி அட்மிட் ஆனதும் நாங்கள் ஒரு ப்ரீ-ஆத் படிவம் அனுப்புவோம். என்ன வியாதி, எத்தனை நாளாக, என்ன சிகிச்சை, எவ்வளவு ஆகும் என்று அதில் இருக்கும். அது காப்பீட்டு நிறுவனத்துக்கோ, அதன் சார்பில் வேலை பார்க்கும் டி.பி.ஏ.வுக்கோ போகும். அவர்கள் ஒரு தொகைக்கு ஒப்புதல் தருவார்கள், அல்லது 'க்வெரி' போடுவார்கள், அல்லது மறுப்பார்கள். டிஸ்சார்ஜ் அன்று இதே நாடகம் இன்னொரு முறை. 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சுற்றறிக்கை போட்டது: முதல் ஒப்புதல் குறித்து ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரம். அதற்குப் பிறகு நிலைமை கொஞ்சம் தேவலை, அதை மறுக்க முடியாது. ஆனால் நேரம் நெருங்கும்போது ஒரு க்வெரி வந்து விழும். விழுந்ததும் பந்து எங்கள் பக்கம், தாமதமும் எங்கள் கணக்கு.

க்வெரிகளில் அடிக்கடி வருவது இது: "இந்த நோயாளியை ஓ.பி.யிலேயே பார்த்திருக்க முடியாதா? உள்நோயாளியாகச் சேர்த்த காரணம் என்ன?" கேள்வியாகப் பார்த்தால் நியாயமான கேள்விதான். வெறும் பரிசோதனைக்காகவும் கண்காணிப்புக்காகவும் சேர்வதற்குப் பணம் கிடையாது என்று பாலிசிகளில் ஒரு பொது விலக்கு விதி இருக்கிறது. எக்ஸ்க்ளூஷன் 04 என்று எண் உட்பட எங்களுக்கு மனப்பாடம். சரி, அப்படியானால் டெங்கு காய்ச்சலில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு பையனை என்ன செய்வது? அவனுக்கு வேண்டியது பெரும்பாலும் நீர்ச்சத்தும், ஓய்வும், ஆறு மணிக்கொரு தரம் யாராவது வந்து பார்ப்பதும்தான். கண்காணிப்புதான் சிகிச்சை. படிவத்தில் கண்காணிப்புக்கு மதிப்பில்லை, ஊசிக்கு மதிப்பு உண்டு. டியூட்டி டாக்டர்கள் இதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். வாயால் விழுங்கக்கூடிய மாத்திரை நரம்பு வழி மருந்தாக மாறுகிறது. காலையில் எடுத்திருக்க வேண்டிய ஊசிக்குழாய் சாயங்காலம் வரை கையிலேயே இருக்கிறது. 'ஆக்டிவ் லைன் ஆஃப் ட்ரீட்மென்ட்', அதாவது வெறும் கண்காணிப்பு இல்லை, சிகிச்சை நடக்கிறது என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி தவறாமல் விழுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. மருந்தும் தவறான மருந்து இல்லை. ஆனால் பையனின் கை வீங்கியிருந்தால் அதற்குக் காரணம் டெங்கு இல்லை.

ஒரு கேஸ் ஷீட்டுக்கு முன்பெல்லாம் இரண்டு வாசகர்கள் இருந்தார்கள். எழுதிய டாக்டரும், அடுத்த ஷிப்டில் வரும் டாக்டரும். இப்போது மூன்றாவதாக ஒருவர் படிக்கிறார். அவர் நோயாளியைப் பார்த்தவர் இல்லை, பார்க்கப் போவதுமில்லை. பணம் அவரிடம் இருப்பதால் நாளடைவில் எழுத்து முழுக்க அவரை நோக்கித் திரும்பிவிடுகிறது.

கோலார் தங்கவயலிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். 2001இல் சுரங்கத்தை மூடியபோது வேலை போனது. மகன் மற்ற தங்கவயல் பிள்ளைகளைப் போல விடிகாலை ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போய், பிறகு இங்கேயே வாடகைக்குக் குடியேறியவர். கம்பெனி பாலிசியில் பெற்றோருக்கு இடமில்லை என்று தனியாக ஒரு பாலிசி எடுத்திருந்தார். பெரியவருக்கு மூச்சிரைப்பு முற்றி அட்மிட் ஆனார். டியூட்டி டாக்டர் இளம் பெண், பொறுமைசாலி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டிருக்கிறார், எத்தனை நாளாக இருமல் என்று. "முப்பது வருஷமா இருக்குதும்மா. சுரங்கத்துல இறங்குன நாள்லருந்து" என்றாராம். அந்தப் பெண் அப்படியே எழுதிவைத்தார்: இருமல், முப்பது வருடங்கள், தங்கச் சுரங்கத்தில் வேலை.

மருத்துவமாகப் பார்த்தால் அந்த ஒரு வரி பத்து ஸ்கேனுக்குச் சமம். பாறைத் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ், அது இருப்பவர்களுக்குக் கூடுதலாக வரக்கூடிய காசநோய் என்று எங்கே தேட வேண்டும் என்பதை அது சொல்லிவிடுகிறது. நுரையீரல் டாக்டர் அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் பரிசோதனைகளை எழுதினார். அதே வரியை மூன்றாவது வாசகர் வேறு மாதிரி படித்தார். பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த வியாதி, அதற்குப் பணம் கிடைக்கப் பொறுத்திருக்க வேண்டிய காத்திருப்புக் காலம் முடியவில்லை, விண்ணப்பத்தில் தெரிவிக்கவும் இல்லை. கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது. முன்பே இருந்த வியாதிக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பை ஆணையம் 2024இல் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது. இவர்கள் பாலிசி அந்த 36ஐயும் தாண்டவில்லை. விதிப்படி அவர்கள் சொன்னதில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். இருமலை ஒரு வியாதி என்றே அந்தக் குடும்பம் நினைத்ததில்லை என்பதும் நிஜம். தங்கவயலில் அந்த வயசு ஆண்கள் எல்லாரும் இருமுகிறார்கள்.

பெரியவர் வீல் சேரில் கீழே வந்துவிட்டார். மகன் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தச் சொல்லிவிட்டு, பெரியவரே என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, யாரு வேணாம்னு சொன்னது? அந்த ஆளு நம்பர் குடு, நான் பேசிக்கிறேன்."

"அப்படி ஒருத்தர் இல்லீங்க ஐயா. மெயில்தான் வரும்."

"மெயில் அனுப்பினவன் ஒருத்தன் இருப்பான்ல?"

மின்னஞ்சலைத் திறந்து காட்டினேன். கீழே ஒரு குழுவின் பெயர், கணினி உருவாக்கியது, கையொப்பம் தேவையில்லை என்று ஒரு வரி. அவர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "குழியில கூலி வெட்டினாக்கூட எவன் வெட்டினான்னு தெரியும். போய் நின்னு கேட்டிருக்கோம்" என்றார். சும்மா சொல்லவில்லை. 1930இல் கைரேகைப் பதிவு செய்யச் சொன்னதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த ஊர் அது. அவருடைய தாத்தா காலத்துக் கதை.

மகன் கடன் வாங்கிக் கட்டினார். அதற்குப் பின் நடந்த இரண்டு விஷயங்கள்தான் என்னை இதை எழுத வைத்தன. ஒன்று, பெரியவர் இப்போது எந்த டாக்டர் கேட்டாலும் இருமல் இரண்டு வாரமாகத்தான் என்கிறாராம். மகனே சொன்னார். இரண்டு வார இருமல் என்றால் அரசு விதிமுறைப்படி காசநோய்க்குச் சளி பார்ப்பார்கள், அதுவரை நல்லது. ஆனால் அறியாத டாக்டர் ஒருவர் முப்பது வருடத் தூசியைப் பார்க்காமல் புதிய தொற்று என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் எழுதி அனுப்பலாம். இரண்டாவது, எங்கள் நிர்வாகம் ஜூனியர் டாக்டர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தது. வகுப்பு எடுத்தது எங்கள் டெஸ்க். நோய் வரலாறு எழுதும்போது உறுதியில்லாத கால அளவுகளை எழுத வேண்டாம், நோயாளி வாய்தவறிச் சொல்வதையெல்லாம் அப்படியே பதிவு செய்ய வேண்டாம். ஸ்லைடுகளைத் தயாரித்தவர்களில் நானும் ஒருத்தி. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்ட அந்த டாக்டர் முன்வரிசையில் இருந்து குறிப்பெடுத்துக்கொண்டார். ஒருவர் தன் உடம்பைப் பற்றி இன்னொருவரிடம் உண்மை சொல்வதும், கேட்டவர் அதை அப்படியே எழுதுவதும்தான் மருத்துவத்தின் முதல் படி. அதையே திருத்துவதற்கு நாங்கள் ஏ.சி. அறையில் வகுப்பு எடுத்தோம்.

இங்கே மறுபக்கத்தைச் சொல்லாமல் போனால் அது நியாயமில்லை. இந்தக் கட்டுப்பாடுகள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. மருத்துவமனைகள் செய்த அக்கிரமங்களால்தான் வந்தன. தேவையில்லாமல் ஏழைப் பெண்களின் கர்ப்பப்பையை எடுத்துவிட்டுக் காப்பீட்டில் பணம் வாங்கிய விவகாரம் பல மாநிலங்களில் வெளிவந்து, 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வரை போய், மாநிலங்கள் வழிகாட்டு நெறிமுறைகளை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவானது. அந்தப் பெண்களுக்கு யாராவது ஒருவர் எங்கிருந்தாவது ஒரு க்வெரி போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'டாக்டர் சொன்னால் சரி' என்ற பழைய காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் டாக்டரைக் கேள்வி கேட்ட நோயாளி எத்தனை பேர்?

ஆனால் தூரத்திலிருந்து கட்டுப்படுத்தினால் திருட்டு நின்றுவிடும் என்பதும் பாதி உண்மைதான். ஏழைக் குடும்பங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018 செப்டம்பரில் தொடங்கியது, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். 2023இல் அதைத் தணிக்கை செய்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையில் ஒரு தகவல்: 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணில் சுமார் 7.5 லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்தார்கள். ஏற்கனவே இறந்துபோனதாகப் பதிவானவர்களுக்குச் சிகிச்சை அளித்ததாகவும் பணம் போயிருந்தது. இதே பெங்களூரில் கட்டட வேலைக்கு வந்த தர்மபுரிக்காரர் ஒருவரின் கைரேகை சிமென்ட்டில் தேய்ந்துபோய் ஆளை அடையாளம் காணும் இயந்திரத்தில் விழாவிட்டால் அவர் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். ஒரே எண்ணில் ஏழரை லட்சம் பேரை விட்ட கதவு இவரைப் பார்த்து யோசிக்கிறது.

பட்டியல், விதி, நெறிமுறை எல்லாமே கெட்டவை என்று யாராவது நினைத்தால் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலின் கதையைச் சொல்வேன். எனக்கு ரொம்பப் பிடித்த கதை, கொஞ்சம் நீளம். உலக சுகாதார நிறுவனம் 19 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தது. மயக்க மருந்து கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளியை வெளியே அனுப்பும் முன் என மூன்று இடங்களில் எல்லாரும் நின்று வாய்விட்டுப் பேச வேண்டும். இவர்தானே நோயாளி? எந்தப் பக்கம்? ஆன்டிபயாட்டிக் போட்டாயிற்றா? அறையில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பதும் அதில் உண்டு. எட்டு நகரங்களில் முயன்று பார்த்தார்கள். டெல்லி ஒன்று, கனடாவின் டொரன்டோ ஒன்று. 2009இல் முடிவு வெளியானது: அறுவைக்குப் பின் இறந்தவர்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தார்கள். மருந்தில்லை, இயந்திரமில்லை, பேச்சுதான். உலகமே அதை எடுத்துக்கொண்டது.

அப்புறம் டொரன்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாண அரசு அந்தப் பட்டியலைக் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு மருத்துவமனையும் எத்தனை சதவீதம் பின்பற்றுகிறது என்று அறிக்கை தர வேண்டும். கிட்டத்தட்ட எல்லாரும் நூறு சதவீதத்தை ஒட்டியே கொடுத்தார்கள். 101 மருத்துவமனைகளின் கணக்கை எடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வந்தது. இறப்பு விகிதம் பட்டியலுக்கு முன் 0.71 சதவீதம், பின் 0.65. புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே இல்லை. ஆய்வு நடந்த காலம் மிகக் குறைவு, போதிய பயிற்சி தரவில்லை என்றெல்லாம் அதற்குப் பதில்கள் உண்டு. என் மேசையிலிருந்து பார்த்தால் எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அறையில் இருப்பவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்ட கேள்விகள் வேறெங்கோ இருப்பவருக்கு அனுப்பும் படிவமாக மாறின. டிக் போடுவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாதா?

படிவம் நோயாளியை விழுங்கிய மிகப் பெரிய சம்பவம் நம் நாட்டில்தான் நடந்தது. குடும்பக் கட்டுப்பாடு இங்கே பழைய விஷயம். மைசூர் சமஸ்தானம் 1930லேயே அரசுக் கருத்தடை மருத்துவ மையங்களைத் திறந்தது. விரும்பியவர்கள் போகலாம் என்பதாக இருந்த ஒன்று, நெருக்கடி நிலைக் காலத்தில் மேலிருந்து வரும் இலக்காக மாறியது. அந்தக் காலத்து அத்துமீறல்களைப் பின்னால் விசாரித்த ஷா கமிஷன் அறிக்கையின்படி 1976-77இல் இலக்கு சுமார் 43 லட்சம் கருத்தடை அறுவைகள், செய்து முடித்தது 81 லட்சத்துக்கு மேல். பள்ளி ஆசிரியர்களுக்குக்கூட ஆள் பிடித்துவர எண்ணிக்கை தரப்பட்டது. எண்ணிக்கை போதாவிட்டால் சம்பளம் நின்றது. இலக்கு முறையை 1996இல் கைவிடுவதாக அறிவித்தார்கள். ஆனாலும் 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை நடந்து, 13 பேர் இறந்தார்கள். அத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. திட்டம் போட்டவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. படித்தவர்கள், நாட்டின் நலனை எண்ணியவர்கள். அவர்கள் பார்த்ததெல்லாம் எண்களை. அறுவை மேசையில் படுத்திருந்த பெண்ணை அவர்கள் யாரும் பார்க்கவில்லை.

பெங்களூர்க்காரர்களுக்கு 2021 ஏப்ரல், மே மாதங்கள் மறந்திருக்காது. கொரோனா பரிசோதனையில் தொற்று உறுதியானால் மாநகராட்சிக் கணக்கில் ஒரு பி.யூ. எண் உருவாகும். அந்த எண் இருந்தால்தான் அரசு ஒதுக்கீட்டுப் படுக்கை. மையக் கணினியில் எந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை காலி என்று தெரியும், யாரும் யாரையும் சிபாரிசு பிடிக்க வேண்டாம், முறையாக ஒதுக்கிவிடலாம் என்பது திட்டம். சாதாரண நாளில் மிக நல்ல திட்டம். ஆனால் பரிசோதனைக் கூடங்கள் திணறி முடிவு வர நாள்கணக்கில் ஆனபோது, மூச்சு வாங்கும் மனிதர் இருக்கிறார், அவருக்கு எண் இல்லை. ஸ்கேனில் நுரையீரல் வெள்ளையாக இருக்கிறது, ஸ்வாப்பில் நெகட்டிவ், அதனால் எண் இல்லை. எண் இல்லாததால் அவர் அந்த அமைப்பைப் பொறுத்தவரை நோயாளியே இல்லை. அந்த மே மாதத்தில் படுக்கைகளைப் பொய்யான பெயரில் பிடித்து வைத்து விற்ற மோசடி வெளிவந்தது. அப்போது ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் படுக்கை ஒதுக்கும் 'வார் ரூம்' அலுவலகத்துக்குள் போய், அங்கே வேலை பார்த்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒரே மதத்தைச் சேர்ந்த பதினாறு, பதினேழு பேரின் பெயர்களை மட்டும் கேமரா முன் வாசித்தார். இப்படிப்பட்ட அமைப்பு உடையும்போது பழி எங்கே போய் விழும் என்பதற்கு அது ஒரு பாடம். வடிவமைத்தவர் மீது விழாது. போனை எடுத்த ஒப்பந்த ஊழியர் மீது விழும்.

இப்போது எங்கள் துறையில் எல்லாரும் பேசுவது ஏ.ஐ. பற்றி. ப்ரீ-ஆத் படிவங்களை மனிதர் பார்ப்பதற்கு முன் மென்பொருள் பார்த்து வடிகட்டும், மோசடி வாசனை வந்தால் கொடி காட்டும் என்கிறார்கள். விற்க வருகிறவர்கள் எல்லாரும் இதே ஊரில், வெளிவட்டச் சாலை ஆபீஸ்களிலிருந்துதான் வருகிறார்கள். பாதிப் பேர் நம்ம ஊர்ப் பிள்ளைகள், தமிழிலேயே விளக்குகிறார்கள், கெட்டிக்காரர்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த மென்பொருள் எதைப் படித்துக் கற்றுக்கொண்டது? பழைய கேஸ் ஷீட்டுகளையும் பழைய பில்களையும்தான். அதாவது மூன்றாவது வாசகருக்காக நாங்கள் எழுதிய எழுத்தை. மாத்திரை ஊசியானதையும், முப்பது வருடம் இரண்டு வாரமானதையும்.

அமெரிக்காவில் இது நடந்தே விட்டது. யாருக்குக் கூடுதல் பராமரிப்பு தேவை என்று கணிக்கும் மென்பொருள் ஒன்றைக் கோடிக்கணக்கானவர்கள் மீது பயன்படுத்தினார்கள். 'நோயின் தீவிரம்' என்பதை நேராக அளக்க முடியாது என்பதால் 'மருத்துவச் செலவு' என்பதை அளவுகோலாக வைத்தார்கள். நிறைய செலவழித்தவர் நிறைய நோயுற்றவர் என்று கணக்கு. கறுப்பினத்தவர்களுக்கு அதே நோய்க்கும் குறைவாகவே செலவழிக்கப்பட்டு வந்ததால் மென்பொருள் அவர்களை ஆரோக்கியசாலிகள் என்று எடுத்துக்கொண்டது. 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இதைக் காட்டியது. கூடுதல் உதவி பெறுபவர்களில் கறுப்பினத்தவர் 17.7 சதவீதம்; பாரபட்சத்தை நீக்கினால் அது 46.5 சதவீதமாகும். அந்த மென்பொருளுக்கு இனம் என்ற தகவலே தரப்படவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நம் ஊரில் இதே கணக்கைப் போட்டால் யார் ஆரோக்கியசாலி? காசில்லாததால் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத தங்கவயல் விதவை. அவர் பெயரில் ஒரு பில்கூட இல்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. அங்கே ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மருத்துவர்கள் மென்பொருள் காட்டிய மறுப்புகளில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டதாக 2023இல் பத்திரிகையாளர்கள் எழுதினார்கள். ஒரு கேஸுக்குச் சராசரியாக 1.2 வினாடி. இதற்குப் பிறகு கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது: மருத்துவத் தேவை இல்லை என்று மறுக்கும் முடிவை உரிமம் பெற்ற மருத்துவத் தொழிலர் ஒருவர்தான் எடுக்க வேண்டும், மென்பொருள் தானாக எடுக்கக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் 1.2 வினாடியில் கையெழுத்துப் போட்டவர்களும் உரிமம் பெற்றவர்கள்தானே? மனிதர் ஒருவர் இடையில் இருந்தால் மட்டும் போதாது. அவரை நோயாளி தொடர்பு கொள்ள முடிய வேண்டும்.

நம் சட்டத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 2008இல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் பற்றி ஒரு முக்கியமான தீர்ப்பு தந்தது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த பெண்ணின் தாயாரிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்ட டெல்லி வழக்கு. தானே முடிவெடுக்கக்கூடிய வயது வந்த நோயாளியின் சம்மதத்தை அவரிடமிருந்தே பெற வேண்டும், என்ன செய்யப் போகிறோம், வேறு வழி என்ன, ஆபத்து என்ன என்று சொல்லிப் பெற வேண்டும் என்று நீதிமன்றம் விளக்கியது. அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்துவது எதிரில் நிற்கும் டாக்டரை. சிகிச்சை எது என்பதைப் பாதி தீர்மானிக்கும் அந்த மூன்றாவது வாசகருக்கு இப்படி எந்தக் கடமையும் இல்லை. அவர் எதையும் விளக்க வேண்டாம், யார் கண்ணையும் பார்க்க வேண்டாம். பொறுப்பு ஏற்பவருக்கு அதிகாரம் குறைந்துகொண்டே வருகிறது, அதிகாரம் உள்ளவருக்குப் பொறுப்பே வரவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மறுப்புக் கடிதத்தின் அடியில் முடிவெடுத்த மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மருந்துச்சீட்டில் பெயரும் பதிவு எண்ணும் இல்லாமல் டாக்டர் மாத்திரை எழுத முடியாது. சிகிச்சையை மறுக்க மட்டும் ஏன் பெயர் வேண்டாம்? சிகிச்சை தரும் டாக்டர் அவரோடு போனில் பேச முடிய வேண்டும். நோயாளி விரும்பினால் நோயாளியும் பேச முடிய வேண்டும். இதனால் வேலை மெதுவாகும் என்பார்கள். ஆகட்டும்.

அதுவரை என் மேசைக்கு வருகிறவர்களிடம் சொல்வதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். மறுப்பை எழுத்தில் கேளுங்கள், எந்த விதியின் கீழ் என்று குறிப்பிடச் சொல்லுங்கள். கோரிக்கை மறுப்பு ஒரு மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலோடுதான் போக வேண்டும் என்று 2024 சுற்றறிக்கையில் இருக்கிறது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இந்தப் புகார்களை விசாரிக்கும் காப்பீட்டு ஓம்புட்ஸ்மனிடம் போகலாம், ஒரு வருடத்துக்குள். பெங்களூரில் ஜே.பி. நகரில் அலுவலகம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளைப் பார்ப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம்.

அந்தப் பெரியவரின் மகனையும் அங்கேதான் அனுப்பினேன். விசாரணையில் நிறுவனத்தின் சார்பில் வந்த மருத்துவர் தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு பேசினாராம். பெரியவர் அவரிடம் சுரங்கத்தைப் பற்றி நிறைய நேரம் பேசியிருக்கிறார், அவரும் கேட்டிருக்கிறார். பணம் முழுதாக வரவில்லை, பாதிக்குக் கொஞ்சம் மேல். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது, மகனுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. வட்டி கட்டுவது அவர்தானே.